பவுனும் சுவருக்கு வெளியே நின்ற மரமும்

செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைப்பாள். குனிந்து இரண்டு கால் விரல்களிலிருந்தும் மெட்டியை உருவி முந்தானை நுனியில் முடிந்துகொள்வாள். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகி, அதற்கு மேல் தோள்பட்டி வைத்த ஒரு பச்சை ராணுவச் சட்டையை மாட்டுவாள். தேஹு ரோடு டிப்போ ஏலத்தில் கழித்துக்கட்டிய சட்டை. மூன்று பொத்தான்தான் மிச்சம். இவ்வளவும் ஆகிற வரைக்கும் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். பிறகு கையை நீட்டி, "காகிதம் எங்க சார்?" என்பாள்.

காகிதத்தை வாங்கி வெயிலில் பிடிப்பாள். மராட்டி பொழிந்து தள்ளுவாள், ஆனால் படிக்க வராது. தமிழும் அப்படியே. அதனால் எழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு நேரே காகிதத்தின் கீழ் மூலைக்குப் போய்விடுவாள். அங்கே ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை இருக்க வேண்டும். கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்த வட்டத்தின் ஓரத்தைத் தேய்ப்பாள். மை லேசாகக் கரைந்தால் அசல். கரையாவிட்டால் ஜெராக்ஸ். "ஜெராக்ஸ் காட்டி ஏத்தி வுடறவங்க எத்தினி பேரு தெரியுமா?" என்பாள். அதோடு விடுவதில்லை. தெருமுனை டீக்கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்வாள். அவர் வாசித்து முடித்துத் தலையை ஆட்டினால்தான் கயிறு தோளுக்கு ஏறும்.

மரம் வெட்டுகிறவள் என்று யாராவது சொல்லிவிட்டால் பவுனுக்குக் கோபம் வரும். "வெட்டறதுக்கு நான் இன்னா கசாப்புக் கடையா வச்சிகினு கீறன்? கழிக்கிறன் சார், கெளை கழிக்கிறன்." அவளைப் பற்றி எழுதும்போது அவர், இவர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேரில் ஒரு நாளும் அப்படி நான் அழைத்ததில்லை. எழுத்தில் மட்டும் மரியாதை காட்டினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். சொன்ன பொய்களே போதும். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா வந்தவாசிப் பக்கத்திலிருந்து ராணுவ டிப்போவில் மூட்டை தூக்க வந்தவர். பவுன் பிறந்தது வளர்ந்தது கட்டிக்கொடுத்தது எல்லாம் தேஹு ரோட்டில். எண்ணுவது மராட்டியில், திட்டுவது தமிழில், மரத்தடியில் போகிறவர்களை விரட்டுவது மூன்று மொழியில். கிளையில் கத்தியை வைப்பதற்கு முன் மேலிருந்து "பாஜூலா! ஹட்டோ! தள்ளிப் போ!" என்று வரிசையாக ஒரு கூப்பாடு போடுவாள். தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் போடுவாள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். "மேல ஏறிகினு அவசரம்னு வந்தா யாரக் கேக்கறது?" இறங்கிய பிறகுதான் பால் விடாத டீ, அதுவும் லோட்டா நிறைய.

மரங்களைப் பற்றி அவளுக்கென்று சில முடிவுகள் உண்டு. குல்மோகர் ஷோக்குப் பேர்வழி, அதன் மேல் நம்பிக் கால் வைக்கக் கூடாது. வேம்பு சொன்ன சொல் மாறாது. தூங்குமூஞ்சி மரம் பேராசை பிடித்தது. "அதால தாங்க முடியாத தூரத்துக்குக் கைய நீட்டும் சார். அப்பறம் மழ வந்தா எவன் தலயிலயாவது போட்டுட்டு நிக்கும்." எந்தக் கிளையையும் தொப்பென்று விழ விடமாட்டாள். இரண்டு இடத்தில் கயிறு கட்டி, பாதி அறுத்து, கயிற்றின் மறுமுனையை மரக் கவட்டையில் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல இறக்குவாள். ஆளுயரக் கிளை ஒன்று தரையைத் தொடுகிற சத்தம்கூடக் கேட்காமல் வந்து படுப்பதை எங்கள் காலனிவாசிகள் பால்கனியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்த வித்தை அவளுடைய புருஷனிடமிருந்து வந்தது. அவன் ஏறுவான், இவள் கீழே கயிறு பிடிப்பாள். ஏழு வருஷம் பிடித்தாள். தளேகாவில் ஒரு பங்களா மரத்திலிருந்து அவன் விழுந்து இடுப்பு எலும்பு போனது. பங்களாக்காரர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அவ்வளவு உயரத்துக்கு அவனை யார் ஏறச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். அதிலிருந்து அவன் வீட்டோடு கிடக்கிறான், இவள் ஏறுகிறாள். ஒரு முறை வேறொரு பங்களாவில் மாநகராட்சி அனுமதி வாங்காமலே வாங்கியதாகச் சொல்லி அவளை ஏற்றிவிட்டார்கள்; மாநகராட்சித் தோட்டப் பிரிவு ஆட்கள் வந்து பிடித்தார்கள். எச்சரித்து அனுப்பினார்கள். காகிதம் கேட்கிற பழக்கம் அன்றைக்குப் பிறந்தது.

அது வெறும் பயம் மட்டுமில்லை, அதற்குள் ஒரு கனவும் இருந்தது. தோட்டப் பிரிவில் மரம் கழிக்கத் தினக்கூலி ஆட்கள் எடுப்பதற்காக ஒரு லிஸ்ட் வைத்திருந்தார்கள். பவுன் பெயர் அதில் இருந்தது. கூலியாட்களை மேய்க்கும் முகாதம் அவளிடம், மேலே உள்ள நாலைந்து பேர் போனதும் உன் முறைதான், உன் மேல் புகார் எதுவும் வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அங்கே இடுப்பில் கட்ட பெல்ட் உண்டு, தலைக்குத் தொப்பி உண்டு, ஏணி வைத்த லாரி உண்டு. ஆனால் அவள் அதையெல்லாம் சொல்ல மாட்டாள். என் மனைவி கோதை ஒரு முறை, "ஏன் பவுன், உனக்குத்தான் எல்லா காலனியிலயும் கூப்பிடறாளே, அந்த வேலை எதுக்கு?" என்று கேட்டாள். பவுன் டீயை ஊதிக்கொண்டே, "விழுந்தா கேக்கறதுக்கு ஆளு இருக்கும்மா" என்றாள்.

இனி என் கதை. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பிம்ப்ரி தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி நான். எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் தரைத்தள வீடு. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் ஒரு கார் வாங்கினேன். சிவப்பு நிறம். உள்ளே நிறுத்த இடமில்லாததால் வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் நிறுத்தினேன். ஏப்ரல் வந்ததும் மரம் தன் வேலையைக் காட்டியது. பிசுபிசுவென்று காய்கள் விழுந்து கார் கூரையில் ஒட்டின. மிச்சத்தைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன. காலையில் வாளியும் துணியுமாக நான் காரைத் துடைப்பதைப் பார்த்துக் கோதை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காருக்கு நேர் மேலே நீண்டிருந்த இரண்டு கிளைகளை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

யார் எடுப்பது? முதலில் சொசைட்டித் தலைவர் கானிட்கரிடம் போனேன். சுவருக்கு வெளியே நடப்பது எதற்கும் சொசைட்டி பொறுப்பில்லை என்று அவர் கையை விரித்தார். மின்சார வாரியத்து லைன்மேன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கம்பிக்கு ஒரு கை தூரம்வரைதான் எங்கள் வேலை, இந்தக் கிளை ஒன்றரைக் கை இருக்கிறது என்றார். வார்டு ஆபீசில் ஒரு குமாஸ்தா பொறுமையாக விளக்கினார். சுவருக்கு உள்ளே இருந்தால் உங்கள் மரம். வெளியே இருந்தால் எங்கள் மரம். எங்கள் மரத்தை நீங்கள் தொடக்கூடாது. உங்கள் மரத்தையும் எங்களைக் கேட்காமல் தொடக்கூடாது. விண்ணப்பம் கொடுங்கள், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அனுமதி தபாலில் வரும், ஆட்களும் வருவார்கள்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காத்திருந்தால் எல்லாம் முறையாக நடந்திருக்கும்.

விண்ணப்பத்தைக் கானிட்கரே மராட்டியில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்தான கிளைகள் என்று எழுதியிருந்தார். இந்தத் தெரு வழியாகப் பள்ளிக் குழந்தைகள் யாரும் போவதில்லையே என்றேன். "லிஹாவ லாக்த" என்றார். எழுதித்தான் ஆக வேண்டுமாம். கார் என்று எழுத எனக்கும் மனசு வரவில்லை, கையெழுத்துப் போட்டேன். வார்டு ஆபீசில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இன்னொன்றில் ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். விண்ணப்பம் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான முத்திரை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. மே மாதம் பாதி போய்விட்டது. சின்ச்வட் ரயில் நிலையத்துக்கு வெளியே பவுனைப் பார்த்தேன். தோளில் கயிற்றுச் சுருளும் சாக்கில் சுற்றிய கொய்தாவுமாக நின்றிருந்தாள். கொய்தா என்பது அவளுடைய வளைந்த கத்தி. இரண்டு வருஷமாக எங்கள் காலனிக்கு உள்ளே இருக்கும் மரங்களைக் கழிக்க வருகிறவள், என்னைக் கண்டதும், "இன்னா சார், அம்மா சௌக்கியமா?" என்றாள். வியாழக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றாள். "காகிதம் கீதில்ல?"

"இருக்கு" என்றேன்.

இந்தப் பகுதியில் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வார விடுமுறை வியாழன். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். மெட்டி முந்தானைக்குப் போனது. சட்டை ஏறியது. கை நீண்டது. நான் அந்தப் பிரதியைக் கொடுத்தேன். வெயிலில் பிடித்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு வட்டத்தைத் தேய்த்தாள். மை கரைந்தது. விரலில் ஒட்டிய ஊதாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பர்மிசன்தான சார் இது?"

அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. "அதான் முத்திரை இருக்கே" என்றேன். பொய் சொல்லாமலே பொய் சொல்கிற சாமர்த்தியம். ஆபீசில் இருபது வருஷம் குறிப்பு எழுதி எழுதிப் பழகிய சாமர்த்தியம்.

டீக்கடைப் பக்கம் அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அப்புறம் அவளே நின்று திரும்பினாள். "தமிழ்க்காரரு, நீயே சொல்லும்போது அவன்கிட்ட இன்னாத்துக்குப் போயி காட்டணும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு கிளை சத்தமில்லாமல் வந்து இறங்கியது. இரண்டாவதில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பத்தரை மணி இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் ஒரு ஃபைல். தோட்டப் பிரிவு இன்ஸ்பெக்டர். யாரும் புகார் கொடுத்து வரவில்லை அவர். என் விண்ணப்பத்தின் பேரில், நான் கேட்டுக்கொண்டபடி, மரத்தைப் பார்வையிட வந்திருந்தார். மூன்று வாரம் வராதவர் அன்றைக்கு வந்தார்.

தரையில் கிடந்த கிளையைப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு என்னையும், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த கானிட்கரையும் பார்த்து, அனுமதி இல்லாமல் இதைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். சொசைட்டிக்குச் சம்பந்தமில்லை என்று கானிட்கர் முந்திக்கொண்டார். கேஸ் எழுத வேண்டிவரும் என்றார் இன்ஸ்பெக்டர். கேஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கோர்ட்டு, போலீஸ், ஜூலையில் வரவேண்டிய என் பதவி உயர்வு எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றன.

"மாஹீத் நாஹி" என்றேன். தெரியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தட்டுத் தடுமாறிய மராட்டியில் மேலும் ஒரு வாக்கியம் கோர்த்தேன். விறகுக்காக அவளே வந்து ஏறியிருப்பாள் என்று சொன்னேன்.

மேலே கயிறு கட்டுகிற சத்தம் நின்றது. என் மராட்டியைவிட அவளுடைய மராட்டி எவ்வளவோ மேல். எல்லாம் கேட்டிருக்கும். பாதி கட்டிய முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தாள். இன்ஸ்பெக்டர் அவளிடம், உன்னை யார் கூப்பிட்டது என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள். காகிதத்தின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"கோணி நாஹி. மீச் ஆலே" என்றாள். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன்.

இன்ஸ்பெக்டர் பஞ்சநாமா எழுதினார், நடந்ததைப் பதிவு செய்கிற மகஜர். கொய்தாவையும் கயிற்றையும் பறிமுதல் செய்தார். சம்பவத்தைப் பார்த்த சாட்சிகள் இருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். கானிட்கர் போட்டார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. பேனாகூட என்னுடையதுதான். பவுன் கைநாட்டு வைத்துவிட்டு விரலில் இருந்த மையை மரத்தின் பட்டையில் தேய்த்துத் துடைத்தாள்.

எல்லோரும் போன பிறகு, அவளும் போய்விடுவாள் என்று நினைத்து நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் போகவில்லை. கோதையிடம் விளக்குமாறு வாங்கிக்கொண்டு தெருவில் சிதறிக்கிடந்த இலைகளையும் காய்களையும் பெருக்கி ஒரு பக்கம் ஒதுக்கினாள். கோதை டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்தாள். நான் கூப்பிட்டுத்தான் அவள் வந்தாள் என்பது கோதைக்குத் தெரியும். "நீ ஏன் பவுன் உண்மையைச் சொல்லல?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"அவரு இல்லேன்னு சொன்னப்பறம் நான் ஆமான்னா, யாரு பேச்சும்மா நிக்கும்?" என்றாள் பவுன். கோபமாகச் சொல்லவில்லை. கிளையின் கனத்தைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

கோதை உள்ளே வந்து என் முன்னால் நின்றாள். "உங்க பாக்கெட்லதானே இருந்தது அந்தப் பேப்பர்? எடுத்துக் காட்டறதுக்கு என்ன?" என்றாள். அதைக் காட்டினால் நான்தான் மாட்டியிருப்பேன் என்று சொன்னேன். "ஆமா. நீங்கதான் மாட்டணும்" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு அவள் பேசாமலே இருந்திருக்கலாம்.

ஒன்பதாம் நாள் தபால் வந்தது. இன்ஸ்பெக்டர் பார்வையிட்டதில் கிளைகளைக் கழிப்பது அவசியம் என்று தெரியவந்ததால் அனுமதி வழங்கப்படுகிறது என்று போட்டிருந்தது. மேல்விலாசத்தில் என் பெயரை முன்னால் 'ஸ்ரீமான்' எல்லாம் போட்டு அழகாக எழுதியிருந்தார்கள். ஜூன் முதல் வாரம் ஏணி லாரி வந்து மிச்சத்தையும் கழித்துவிட்டுப் போனது. ஜூலையில் பதவி உயர்வும் வந்தது. கார் பளபளவென்றிருந்தது.

பவுனின் பெயரை லிஸ்ட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து கோதைதான் தேஹு ரோட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். திட்டவில்லையா என்று கேட்டேன். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. என்னை உட்கார வச்சு டீ போட்டுக் குடுத்தா" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் தோட்டப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த மரத்தைக் கழிக்க அவளை அழைத்தது நான், அனுமதி இருப்பதாக நம்பவைத்தது நான், சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். ஒரு பக்கம்தான். அதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. கொண்டுபோக ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு வியாழக்கிழமையும் போகலாம் என்றிருப்பேன், ஏதாவது வேலை வந்துவிடும். வேலை வராத வியாழன்களில் நானே ஒன்றை உண்டாக்கிக்கொள்வேன்.

கடைசியில் போன மார்ச்சில் ஒரு வியாழன் காலை வார்டு ஆபீசுக்குப் போனேன். தோட்டப் பிரிவு இரண்டாம் மாடி. அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். அவர் நாற்காலியில் புதிதாக ஒரு இளைஞர், கண்ணாடி போட்டவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். இரண்டாயிரத்து மூன்று மே மாதத்தில் ஒரு பஞ்சநாமா, அதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் ஆர்வமாக அலமாரியைத் திறந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே, "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

வாசலில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன்.

காண்ட்ராக்டர் கொடுக்கிற நீல மேல்கோட்டும் கையில் தரை துடைக்கிற கட்டையுமாகப் பவுன் நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். காலில் மெட்டி இருந்தது. என்னைப் பார்த்தாள், மேஜையில் விரித்திருந்த பதிவேட்டைப் பார்த்தாள். மரத்தின் உச்சியில் நிற்கும்போதுகூட நான் அவள் முகத்தில் பயம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். தலையை மிக லேசாக, இல்லை என்பதுபோல அசைத்தாள்.

"மாவ்ஷி, உள்ளேயும் துடைத்துவிடு" என்று சித்தி முறை வைத்துச் சொன்னார் அந்த இளைஞர், பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமலே. பிறகு என்னிடம் மறுபடியும், "பெயர்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பெயரை நான் சொன்னால், அதற்குரியவள் வாசலில் வாளியோடு நிற்கிறாள். தோட்டப் பிரிவில் கேஸ் எழுதப்பட்ட ஒருத்தி, அதே தோட்டப் பிரிவின் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. என் உண்மை அவளுக்கு இப்போது எந்த லிஸ்ட்டையும் திருப்பித் தராது. இருக்கிற இந்த வேலையையும் பிடுங்கும். ஒன்றரை வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்த கடிதம் என் மனசை லேசாக்கிக்கொள்ள மட்டும்தான் உதவும். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பிக்கொண்டுதான் அந்த மாடிப்படிகளில் ஏறியிருந்தேன். வெட்கமாக இருந்தது. முதல் முறை பொய் சொன்னபோதுகூட இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"பெயர் ஞாபகம் இல்லை" என்றேன். "இன்னொரு நாள் வருகிறேன்." இரண்டாவது முறையாக, அவளுக்கு முன்னாலேயே, அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த இளைஞர் தோளைக் குலுக்கிவிட்டுப் பதிவேட்டை மூடினார். பவுனின் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

அறைக்கு வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில், "எனக்கு நல்லது பண்ண வந்தியா சார்?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

"வேணாம் சார். இங்க யாருக்கும் தெரியாது. பழச எடுக்காத. அம்மாவ கேட்டதா சொல்லு."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் சட்டென்று வாளியைச் சுவரோரம் இழுத்து எனக்கு வழி விட்டாள். "பாத்துப் போ சார், ஈரம்" என்றாள்.

இதை எழுதுவதற்குக்கூட எனக்குத் துணிச்சல் வந்தது அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கிறவர் ஒருவருமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான்.

படிக்கட்டு வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். பவுன் குனிந்திருந்தாள். அதிகாரியின் அறை வாசலிலிருந்து தொடங்கி, ஈரத் தரையில் என் ஷூ பதிந்த தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள்.